ராஜா மெத்தையில் ஒரு குறட்டை

கண்ணைத் திறந்ததும் கில்பர்ட் பார்த்தது ஒரு தங்கச் சிங்கம். அரசரின் கட்டில் விதானத்தில் தைத்திருந்த சிங்கம். மல்லாந்து படுத்துக்கொண்டு அதைப் பார்க்கிற உரிமை இங்கிலாந்தில் ஒரே ஒருத்தருக்குத்தான் உண்டு. அது கில்பர்ட் இல்லை.

அவன் காதை யாரோ திருகிக்கொண்டிருந்தார்கள்.

"எழுந்திரி. ரால்ஃப் வர்றான்."

திருகியது ஆம்ப்ரோஸ். அரசரின் படுக்கையறை முழுக்க அவர் பொறுப்பு. ட்யூடர் வம்சத்தில் அப்பா, மகன், பேரன் என்று மூன்று அரசர்களுக்கும் படுக்கை போட்டவர். கில்பர்ட்டுக்குக் குரு. ரால்ஃப் அரண்மனைக் காவலுக்குத் தலைவர்.

அங்கே படுக்கை போடுவது என்றால் சும்மா உதறி விரிப்பது இல்லை. அடியில் இருக்கிற வைக்கோலைக் கத்தியால் குத்திப் பார்க்கணும். அதன் மேல் இறகு மெத்தையைப் போட்டு, ஒரு ஆள் ஏறி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை உருளணும். உள்ளே யாராவது கத்தியை ஒளித்து வைத்திருந்தால் அது அவன் முதுகில் குத்தட்டும், அரசர் முதுகில் வேண்டாம். அதுதான் ஏற்பாடு. உருளுவது கில்பர்ட்டின் வேலை. உருளலாம், அவ்வளவுதான். தூங்கினால் தலை போகும்.

கில்பர்ட் வீட்டில், பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் குழந்தை. ராத்திரி பூராவும் அழுகை. கில்பர்ட் பாதி மெத்தைவரை உருண்டான். மீதி அவனுக்கு ஞாபகம் இல்லை.

"என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதே," என்றார் ஆம்ப்ரோஸ்.

இது புதுசு இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கில்பர்ட் அவரை ஒரே கேள்வியை வைத்து நச்சரிப்பான்.

"ஐயா, உங்ககூட வேலை பார்த்தவங்கள்ல பாதிப் பேருக்குத் தலை போயிருச்சு. உங்க தலை மட்டும் எப்படி நிக்குது?"

"அடுத்தவனுக்காக நான் வாயைத் திறந்ததே இல்லை. நீயும் திறக்காதே. தலையணையைத் தட்டு."

எத்தனை தடவை கேட்டாலும் இதே பதில்தான்.

ரால்ஃப் உள்ளே வந்தார். மெத்தையில் ஒரு ஆள் அளவுக்குப் பள்ளம். கையை வைத்துப் பார்த்தார். சூடு. தலையணையைக் குனிந்து பார்த்தார். எச்சில்.

"யார் தூங்கினது?"

"நான்தான்," என்றார் ஆம்ப்ரோஸ்.

"நீங்களா?"

"உருளலாம்னு ஏறினேன். வயசாச்சு. இறங்க முடியலை."

"உருளுறது இவன் வேலையாச்சே."

"இன்னைக்கு நான் உருண்டேன்."

ரால்ஃப் கில்பர்ட் பக்கம் திரும்பினார். தலைமுடியில் இறகு. கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. யார் பார்த்தாலும் தெரியும்.

"நீ சொல்லு. அவர் சொல்றது உண்மையா?"

கில்பர்ட்டுக்குக் குழந்தை ஞாபகம் வந்தது. பொய் எதற்கு, முதலில் வந்தது தன் தலையைப் பற்றிய ஞாபகம்தான். குழந்தை அதற்கப்புறம். சொல்லிக்கொடுத்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றான்.

ரால்ஃப் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூணு ராஜாவுக்கு உழைச்சிருக்கீங்க. தலை இருக்கட்டும். வேலை போச்சு. அரசர் வேட்டையிலிருந்து திரும்புறதுக்குள்ள நீங்க வெளிவாசலைத் தாண்டியிருக்கணும்."

ஆம்ப்ரோஸுக்கு இருந்தது ஒரு மரப்பெட்டி, இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தது. அதை ஒற்றை ஆளாக முற்றம்வரை தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார். கில்பர்ட் பின்னாலேயே வந்தான்.

"அடுத்தவனுக்காக வாயைத் திறக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்புறம் நீங்க ஏன் திறந்தீங்க?"

"கிட்ட வா. முடியில இறகு இருக்கு."

எடுத்து ஊதிவிட்டார்.

"குழந்தை ராத்திரியில தூங்கவே மாட்டேங்குதா?"

"மாட்டேங்குது. ஐயா, நீங்க உள்ளே வந்ததும் ரால்ஃபும் வந்துட்டாரா?"

"இல்லையே. நீ குறட்டை விட ஆரம்பிச்சப்பவே நான் வந்துட்டேன். அவன் ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தான்."

"அப்பவே எழுப்பியிருக்கலாமே. யாருக்கும் எதுவும் ஆகியிருக்காது."

ஆம்ப்ரோஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்தார்.

"பெரிய ராஜா இருந்தாரே, அவர் கதவுக்குத் தாழ் போட்டாச்சான்னு திரும்பத் திரும்பக் கேட்பார். மகன் எழுந்து எழுந்து கட்டிலுக்கு அடியில பார்ப்பார். இப்ப இருக்கிறது சின்னப் பையன். அவன் விளக்கை அணைக்கவே விட மாட்டான். ஆயுசு பூரா அந்தக் கட்டிலுக்குத்தான் மெத்தை போட்டேன். அதுல ஒருத்தன் நிம்மதியாத் தூங்கி இன்னைக்குத்தான்டா பார்த்தேன். வாயைப் பிளந்துக்கிட்டு. எழுப்ப மனசு வரலை."



ஆம்ப்ரோஸ் எழுந்து ஒரு கைப்பிடியைப் பிடித்தார்.

"உள்ளே போ. படுக்கை பாதியில நிக்குது. தலையணைக்கு வேற உறை போடு."

கில்பர்ட் குனிந்து இன்னொரு கைப்பிடியைப் பிடித்தான்.

"போடான்னு சொல்றேன்."

அவன் போகவில்லை.