குருவுக்கு எழுந்த நீதிபதி

மருதங்கோட்டை ராஜா தன் கையாலேயே நீதிபதித் தலைப்பாகையைக் கட்டிவிட்டதும் நன்னனுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வயது மனுஷன், தலைப்பாகையோடு நேரே ஆசிரமத்துக்கு ஓடினான். ராஜாவிடம் அவன் பெயரைச் சொன்னதே அவனுடைய குரு மாசிலா அடிகள்தான்.

காலில் விழுந்து எழுந்ததும் கேட்டான்.

"சாமி, அடுத்த வாரம் குயவர் சின்னான் வழக்கு வருது. அவர் சூளை இருந்த இடத்தைக் குதிரை லாயத்துக்குன்னு ராஜா எடுத்துக்கிட்டார். ராஜாவே மன்றத்துக்கு வர்றாராம். வந்தா நான் எழுந்திரிக்கணுமா?"

"ஏன் கேக்குறே?"

"எழுந்திரிக்கலேன்னா நன்றி கெட்டவன்பாங்க. கட்டின கையாலேயே தலைப்பாகையை அவிழ்த்துட்டார்னா?"

"நாளைக்குப் பார்ப்போம்" என்றார் அடிகள்.

மறுநாள் முதல் வழக்கு பூவாயி கொடுத்தது. ஆசிரமத்து மாடுகள் அவள் கம்புக் கொல்லையை மொட்டையடித்துவிட்டன. வருஷத்துக் கஞ்சியே போச்சு, பாவம். பதில் சொல்ல யாராவது ஒரு சீடன் வருவான் என்று நன்னன் நினைத்திருந்தான். வந்தது அடிகளே! வருஷக்கணக்கான பழக்கம் சும்மா விடுமா? துள்ளி எழுந்து கைகூப்பிவிட்டான்.

பூவாயி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏம்மா, எங்கே போறே? வழக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றான் நன்னன்.

"அதான் முடிஞ்சு போச்சே, சாமி."

நன்னனுக்குச் சுருக்கென்றது. குருவைப் பார்த்தான். அவர் கைகட்டி நின்றார்.

"நீங்க உக்காருங்க, ஐயா. அந்தம்மா திரும்பி வரட்டும்."

குரு வாயால் 'ஐயா'! நன்னனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் உட்கார்ந்தான். பூவாயியைக் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டு பேரையும் விசாரித்தான்.

"ஆசிரமக் களஞ்சியத்திலேர்ந்து இந்தம்மாவுக்கு ஒரு வருஷத்துக் கம்பு அளந்து கொடுக்கணும்."

சொல்லும்போது குரல் நடுங்கத்தான் செய்தது.

"உத்தரவு" என்று அடிகள் தலைகுனிந்து போனார். அன்று சாயங்காலமே பூவாயி வீட்டுக்குக் கம்பு மூட்டைகள் போய்ச் சேர்ந்தன.

அடுத்த வாரம் ராஜா வந்தார். மன்றமே எழுந்தது. நன்னன் மட்டும் எழவில்லை. சூளை இடம் சின்னானுக்கே என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். இந்த முறை குரல் நடுங்கவில்லை.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அடிகளிடம் விருட்டென்று திரும்பினார்.

"நீர் சொல்லித்தானே இவனைப் போட்டேன்? எனக்கு எழுந்திரிக்கவும் இல்லை, எனக்குச் சாதகமா ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. என்ன பிள்ளையய்யா வளர்த்திருக்கீர்?"

அடிகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தார்.

"என் மாடு மேஞ்சதுக்கு என்கிட்டயே கம்பு வாங்கிக் கொடுத்த பிள்ளை, மன்னா. இவனைவிட ஒசத்தியான ஆளு என்கிட்ட இல்லை. இருந்திருந்தா அவனை அனுப்பியிருப்பேன்."