மன்னர் மேல் ஏறிய நாலாயிரம் புள்ளிகள்

அகலூர் நாட்டில் அரியணையும் உண்டு, கேமராவும் உண்டு. அது எந்தக் காலம் என்று கேட்டால் கதை நகராது, கேளுங்கள்.

அந்த நாட்டை ஆண்ட கண்டீரவ மாறன் நல்ல வாட்டசாட்டமான ஆள். அவர் சபையில் எழினி என்று ஒருத்தி இருந்தாள். அரண்மனை விழாக்களை வீடியோ எடுப்பது அவள் வேலை. வாய் சும்மா இராது. அதனாலேயே மன்னருக்கு அவளைப் பிடிக்கும், அமைச்சர் கடம்பராயருக்குப் பிடிக்காது.

மன்னர் முடிசூடி இருபத்தைந்து வருடம் ஆன விழா வந்தது. யானை வரிசை, தேர், கோட்டை மதில் எல்லாம் ஒரே படத்தில் அடங்க வேண்டுமே என்று எழினி அனமார்ஃபிக் லென்ஸ் மாட்டினாள். அகலமான காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கி கேமராவுக்குள் அனுப்பும் லென்ஸ் அது. திரையில் காட்டும்போது மறுபடி விரித்துவிட வேண்டும்.

மன்னர் கேமராவின் சின்னத் திரையில் எட்டிப் பார்த்தார். இன்னும் விரிக்காத படம். அதில் அவர் முருங்கைக்காய் மாதிரி நின்றார்.

"ஆகா! இதுதான் நான்!" என்று பூரித்துப் போனார்.

எழினி மெல்லக் கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். விரித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தானே தெரியும்!

மறுநாள் சபையில் படம் ஓடியது. விரித்த படம். மன்னர் மன்னராகவே இருந்தார்.

"என்னை யார் இப்படிப் பருக்க வைத்தது?" கத்திய கத்தலில் விளக்குகள் ஆடின.

கடம்பராயர் இதற்காகவே காத்திருந்தவர். "கணக்குச் சொல்கிறேன், மன்னா. படம் என்றாலே பொடிப் பொடிப் புள்ளிகளின் கூட்டம். கேமராவில் குறுக்கே நாலாயிரம் புள்ளி. திரையில் எண்ணாயிரம். நடுவில் நாலாயிரம் புள்ளியை இவள்தான் தங்கள் திருமேனியில் ஏற்றியிருக்கிறாள். ராஜதுரோகம்!"

"எழினி, பதில் சொல். இல்லையென்றால் நாளை முதல் யானைக் கொட்டடியில் சாணி அள்ளு."

எழினி நாலு பக்கமும் பார்த்தாள். அமைச்சரின் பட்டு மேலங்கிக்குள்ளிருந்து ஒரு புள்ளி போட்ட பனியன் எட்டிப் பார்த்தது. அவளுக்கு உயிர் வந்தது.

"மேலங்கியைக் கழற்றச் சொல்லுங்கள், மன்னா."

மன்னர் தலையசைக்க, கடம்பராயர் கழற்றினார்.

"மார்புக்குக் குறுக்கே எத்தனை புள்ளி, அமைச்சரே?"

"பன்னிரண்டு. அதற்கென்ன இப்போது?"

எழினி கண்ணைக் காட்டினாள். இரண்டு காவலர்கள் பனியனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அது பாய் அகலத்துக்கு விரிந்தது.

"இப்போது எத்தனை?"

"பன்னிரண்டுதான்! விடுங்கடா, கிழியப் போகிறது!"

எழினி மன்னரைப் பார்த்துத் திரும்பினாள். "பனியன் அகலமானது, புள்ளி கூடவில்லை. படமும் அப்படித்தான், மன்னா. திரையில் எண்ணாயிரம் இடம் இருக்கிறது. கேமரா பிடித்தது நாலாயிரம் புள்ளிதான். ஒவ்வொன்றையும் இழுத்து இரண்டு இடத்தை நிரப்பினேன். தங்கள் மேல் புதிதாக ஒரு புள்ளிகூட ஏறவில்லை."

மன்னர் கொஞ்சம் இறங்கி வந்தார். "அப்படியானால் விரிக்காமலே காட்டு. ஒல்லியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்."

"காட்டலாம். ஆனால் தங்களோடு சேர்ந்து நாடும் பாதியாகிவிடும். படம் பார்க்க வரும் பக்கத்து நாட்டு ராஜா, மீதிப் பாதி யாருடையது என்று கேட்பார்."

"விரி! விரி! இன்னும் கொஞ்சம் வேண்டுமானாலும் விரி!" என்று பதறினார் மன்னர்.

படம் மறுபடி ஓடியது. மன்னர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"எல்லாம் சரி. என் உருவம் ஏன் கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது?"

எழினி பணிவாகக் கைகூப்பினாள். "நாலாயிரம் புள்ளி எண்ணாயிரம் இடத்தைச் சுமக்கிறதே! தங்கள் பல்லக்குத் தூக்கிகளைக் கேளுங்கள், மன்னா. பாரம் இரண்டு மடங்கு, ஆள் அதே நாலு பேர் என்றால் மூச்சு வாங்காதா?"

சபை வாயைப் பொத்திக்கொண்டது. மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. எழினிக்கு முத்துமாலை கிடைத்தது. அன்றைக்கே பல்லக்குக்கு இன்னும் நாலு ஆள் போட்டார்கள்.