பாலைச் சோதித்த கருவி

இருட்டிய பிறகு வீட்டுக்குள் "கீய்ங்" என்று ஒரு சத்தம். பால்மாவு விற்க வந்தவர் ஜெனோவாவின் தாய்ப்பாலில் நனைத்த கருவிதான் அலறியது.

"சத்தே இல்லம்மா. எங்க மாவுல வச்சா பாருங்க, கப்சிப்!"

மாமியார் அரண்டுபோனாள். "இனிமே பிள்ளைக்கு நீ பால் குடுக்காத, ஜெனோவா. மாவே வாங்கிடலாம்."

ஜெனோவா அவர் தந்த சாம்பிள் பாக்கெட்டோடு அடுக்களைக்குப் போய், இரண்டு டம்ளர்களுடன் திரும்பினாள்.

"சார், இதுல எது என் பாலுன்னு உங்க கருவியே சொல்லட்டும்."

அவர் இரண்டையும் உற்றுப் பார்த்தார். முதல் டம்ளரில் கருவி பேசாமல் இருந்தது, இரண்டாவதில் அலறியது.

"இதுதான் உங்க பால்!"

"ரெண்டுலயும் உங்க மாவுதான் சார் கரைச்சேன். கருவி யாரைக் கேட்டு அலறுது?"

மாமியார் எழுந்தாள். "கிளம்புங்க தம்பி. பிள்ளை பசியில அழுது."

அவர் படியிறங்கியதும் ஜெனோவா பிள்ளையை மடியில் எடுத்துக்கொண்டாள். மாமியார் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.