ஏழாம் நம்பர் வீட்டுப் பூட்டு

திண்டுக்கல்லில் பத்து வீட்டுக்குச் சொந்தக்காரர் வரதராசு. ஏழாம் நம்பர் வீட்டில் குடியிருந்த லூர்துவையும் அவர் மனைவி சகாயத்தையும், அவர்கள் வேலை பார்த்த பங்களாவில் நகை காணவில்லை என்று போலீஸ் பிடித்துப் போனது. எட்டு மாதமாகியும் விசாரணை தொடங்கவில்லை. வீடு பூட்டியே கிடந்தது.

வேறு ஆளைக் குடிவைக்க நினைத்த வரதராசு, பூட்டுக்காரர் சிக்கந்தரைக் கூப்பிட்டார்.

"பூட்டை உடை பாய். சாமானையெல்லாம் வெளியே போடணும்."

"அவங்க திரும்பி வந்தா, மொதலாளி?"

"எங்கே வர்றது? தப்பு பண்ணாதவனைப் போலீஸ் எதுக்குப் பிடிக்கும்?" தெருவுக்கே கேட்டது.

சிக்கந்தர் நோட்டை எடுத்து நீட்டினார். யார் பூட்டைத் திறக்கச் சொன்னாலும் அதில் கையெழுத்து வாங்காமல் அவர் சுத்தியலைத் தொடமாட்டார்.

"நீங்க சொல்லித்தான் உடைச்சேன்னு எழுதிக் குடுங்க. அந்த நகை இன்னும் கிடைக்கலையாம். யாரு உள்ளே போனதுன்னு நாளைக்குப் போலீஸ் கேட்கும்."

வரதராசுவின் பேனா பாதியில் நின்றது. "என்னையும் பிடிச்சிட்டுப் போயிட்டா?"

"நீங்கதான் தப்பே பண்ணலையே, மொதலாளி. உங்களை எதுக்குப் பிடிக்கப் போறாங்க?"

வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள். வரதராசு நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். சிக்கந்தர், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

அடுத்த ஆண்டு, திருட்டே நடக்கவில்லை என்று தீர்ப்பு வந்தது. சாவி சுலபமாகத் திரும்பியது. சகாயம் தனியாகத்தான் உள்ளே போனார். தீர்ப்புக்கு ஐந்து மாதம் முன்பே லூர்து ஜெயிலில் செத்துப்போயிருந்தார்.