பானையை நிரப்பியவன்

மடத்துப் பசு செவலை செத்துப்போனது. தீவனத் தொட்டியில் பூச்சிமருந்து கலந்திருந்தது. கலந்தவன் சுடலைமணி, பதினாறு வயது. பசு அவன் வீட்டு வெண்டைச் செடிகளை மேய்ந்துவிட்ட கோபம்.

மடத்தின் குரு சிறுவர் நீதிமன்றத்துக்குப் போய் அவனுக்காகக் கேட்டார். மன்றம் அவனை அடைத்துவைக்காமல் ஆறு மாதம் மடத்தில் வேலை செய்ய அனுப்பியது. இன்னொரு தப்பு நடந்தால் சீர்திருத்தப் பள்ளிதான் என்று சொல்லியும் விட்டது.

குரு அவனுக்குக் குடிதண்ணீர்ப் பானையை நிரப்பும் வேலையைக் கொடுத்தார்.

செவலையைக் கன்றிலிருந்து வளர்த்தவர் வேலப்பன். தொழுவத்தைப் பார்த்துக்கொள்ளும் சீடர், நாற்பது தாண்டியவர். அவருக்குப் பொறுக்கவில்லை.

“விஷம் வெச்சவன் கையில குடிதண்ணியா சாமி?”

“வேற எதைக் குடுத்தாலும் அவன் வெறும் வேலைதான் செய்வான்” என்றார் குரு.

“அவனை உள்ள போட்டிருக்கணும்.”



பானையை நிரப்பியவர் எல்லோர் முன்னிலையிலும் முதல் குவளையைக் குடிக்க வேண்டும். அது மடத்து வழக்கம். சுடலைமணி தினமும் குடித்தான். வேலப்பன் தினமும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

ஒருநாள் வெளியே போயிருந்த குரு வெயிலில் திரும்பி வந்தார். நேரே பானையிடம் போய்க் குவளையில் மொண்டு வாயருகே கொண்டுபோனார்.

தொழுவத்திலிருந்து வேலப்பன் ஓடிவந்தார். குவளையைத் தட்டிவிட்டார்.

“குடிக்காதீங்க சாமி! மருந்து கலந்திருக்கு!”

மற்ற சீடர்கள் பதறிப்போய் சுடலைமணியின் சட்டையைப் பிடித்தார்கள்.

“சோறு போட்ட இடத்துலயே புத்தியக் காட்டிட்டியேலே!”

“நான் இல்ல! காலைல உங்க முன்னாடிதான குடிச்சேன்!” பையன் அலறினான்.

பிடித்த கைகள் தளர்ந்தன.

குரு வேலப்பனைப் பார்த்தார்.

“மருந்து வாசம் தொழுவம் வரைக்குமா வந்துச்சு?”

வேலப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“கொஞ்சம்தான் சாமி. சாப்பாட்டு நேரத்துல நானே மோந்து பாத்துச் சத்தம் போடலாம்னு இருந்தேன். அவன் உள்ள போயிருவான்னு... யாரையும் குடிக்க விட்டிருக்க மாட்டேன்.”

“மன்றத்துல இவனும் அதையேதான் சொன்னான். கொஞ்சம்தான் போட்டேன்னு.”

வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டார். “என்னைப் போலீசுல குடுத்துருங்க சாமி.”

“இவனுக்காக நான் போய்க் கேட்டேன். உனக்காகக் கேக்க வேண்டியவன் நான் இல்ல.”

எல்லோரும் சுடலைமணியைப் பார்த்தார்கள். அவன் கிழிந்த சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். ஓடிவிடுவான் என்று ஒருவர் முணுமுணுத்தார். அவன் ஒரு வாளித் தண்ணீரும் சோப்புமாகத் திரும்பி வந்தான்.

“கையை நீட்டுங்க அண்ணாச்சி. மருந்து பட்டிருக்கும். தோல் வழியா உள்ள ஏறிரும்.”

வேலப்பன் கைகளை மடியில் ஒளித்துக்கொண்டு குருவைப் பார்த்தார்.

“நீட்டுப்பா” என்றார் குரு. “பையன் எவ்வளவு நேரம் வாளியைத் தூக்கிட்டு நிப்பான்?”