இறங்கு என்று சொன்னவர்

ஞானதிரவியத்துக்கு ஐம்பத்தாறு வயது. அவருக்கு வேதபாடம் நடத்திய நேசமலர் டீச்சருக்கு முப்பத்தெட்டு. ராதாபுரம் பக்கத்து ஊர் ஒன்றில், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பெரியவர்களுக்கு டீச்சர் வகுப்பு எடுத்து வந்தார். ஞானதிரவியம் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ஆனால் திருவிருந்து நாட்களில் அப்பம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுவார். எல்லாரும் வாங்கி முடித்த பிறகு வகுப்புக்கு மட்டும் வந்து உட்காருவார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம், கிருபையினாலே நீதிமானாக்கப்படுதல். எளிதாகப் புரியட்டும் என்று டீச்சர் கோர்ட்டை உதாரணம் சொன்னார். கூண்டில் ஒருவன் நிற்கிறான். இவன்மேல் குற்றம் இல்லை, போகலாம் என்கிறார் நீதிபதி. அவன் வீட்டுக்குப் போகிறான். தேவனும் நம்மை அப்படித்தான் விடுவிக்கிறார் என்றார்.

ஞானதிரவியம் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. ஊருக்கு மேற்கே காற்றாலைகளுக்குக் காவல் இருப்பதுதான் அவருடைய வேலை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் டீச்சர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அங்கே போனார். தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார்.

ஞானதிரவியம் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

பதினோரு வருஷத்துக்கு முன்பு அவர் கிணறு வெட்டும் மேஸ்திரி. பாறையில் துளை போட்டு, தோட்டா வைத்து, திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வந்து சத்தத்தை எண்ணுவார்கள். அன்றைக்கு வைத்தது ஆறு. கேட்டது ஐந்து. இரண்டு சேர்ந்து வெடித்திருக்கும் என்று அவராக நினைத்துக்கொண்டார். சந்தேகம் இருந்தால் மறுநாள் வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. அது அவருக்குத் தெரியும். ஆனால் மறுநாள் தங்கை மகளுக்குக் கல்யாணம். அன்றைக்கே கல்லை அள்ளி முடித்துவிட்டுக் கிளம்ப நினைத்தார். மற்ற ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கூட இருந்த சுயம்புலிங்கத்தை இறங்கச் சொன்னார். சுயம்பு தயங்கினான். எல்லாம் வெடித்தாயிற்று, இறங்கு என்றார். சுயம்பு அடியில் போய்க் கடப்பாரையைப் போட்டதும் ஆறாவது வெடித்தது.

வழக்கு நடந்தது. வக்கீல் சொல்லிக்கொடுத்ததை அவர் அப்படியே சொன்னார். இறங்காதே என்று தடுத்தேன், குடித்திருந்தான், கேட்காமல் இறங்கிவிட்டான். இல்லை என்று சொல்வதற்கு உயிரோடு யாரும் இல்லை.

"நீங்க சொன்ன மாதிரியேதான் டீச்சர். குற்றம் இல்ல, போகலாம்னாரு. வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷமா நெஞ்சுல இருந்து ஒண்ணும் இறங்கல. தேவன் கொடுக்கிற விடுதலையும் இதே மாதிரின்னா, அது எனக்கு எதுக்கு?"

கோர்ட்டை உதாரணம் காட்டியது தன் தப்பு என்று மட்டும் டீச்சர் ஒப்புக்கொண்டார். தலைக்கு மேலே காற்றாலையின் இறக்கை சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

"நீதிபதி உங்களை விடுதலை பண்ணவே இல்லையே, அண்ணாச்சி."

"பண்ணினாரு. தீர்ப்பு நகல் வீட்டுல இருக்கு."

"கூண்டுல நின்னவர் என்ன சொன்னார்?"

"இறங்காதேன்னு தடுத்தேன்னு."

"அப்படித் தடுத்த ஆள் ஒருத்தர் அந்தக் கிணத்து மேட்டுல இருந்தாரா?"

ஞானதிரவியம் யோசித்தார். "இல்ல."

"இல்லாத ஆளைத்தான் அவர் விட்டிருக்கார்."

"அப்போ இறங்குன்னு சொன்னவன்?"

"தேவன் விடுவிக்கிறது அவரைத்தான்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சே."

ஞானதிரவியத்துக்குக் குழப்பம் கூடியது. தெரிந்து தண்டிப்பார் என்றால் புரிகிறது. தெரியாமல் விட்டுவிட்டார் என்றாலும் புரிகிறது. தெரிந்தே விடுவது என்ன நியாயம்? சுயம்புவுக்கு யார் பதில் சொல்வது? அந்தத் தண்டனையைத்தான் சிலுவையில் இயேசு ஏற்றுக்கொண்டார் என்றார் டீச்சர். சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன், அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை என்றார் ஞானதிரவியம். டீச்சர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து சாப்பிடப் போன ஞானதிரவியம், சாப்பிடாமல் பக்கத்து ஊருக்கு பஸ் ஏறினார். சுயம்புவின் மனைவி கனகமணி வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

கனகமணி மடியிலிருந்த பீடித் தட்டை இறக்கி வைத்தாள். குடிகாரன் பெண்டாட்டி என்ற பெயரோடு பதினோரு வருஷம் இருந்தவள் அவள். குடித்துவிட்டுக் கிணற்றில் செத்தவன் மகள் என்று, அவள் பெண்ணுக்கு வந்த இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அவளும் அதை நம்பியிருந்தாள். அந்தக் கோபத்தில் புருஷன் படத்துக்கு ஒரு பூகூட வைத்ததில்லை.

"அன்னைக்கு அவரு குடிச்சிருக்கலையா?"

"இல்லம்மா. மோர்தான் குடிச்சான்."

அவள் எழுந்து பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். அவர்கள் முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவர் சொன்னார். தெருவின் கோடிவரை கேட்கும்படி மறுபடியும் சொல்லச் சொன்னாள். சொன்னார். அவர் கைகூப்பியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேக்காதீங்க. எங்கிட்ட அது இல்ல. போங்க."

அங்கிருந்து அவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். எழுத்தர் முழுவதையும் கேட்டார். எப்போதோ முடிந்த கேஸ், விடுதலையானவரை அதே கேஸில் மறுபடி உள்ளே வைக்க முடியாது, வீட்டுக்குப் போங்கள் என்றார். அதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. மறுநாள் டீக்கடையில் அவர் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்துபோனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வகுப்புக்கு வந்தார். எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு, டீச்சரிடம் நடந்ததைச் சொன்னார். சண்டை பிடிக்கிற குரலில்தான் சொன்னார்.

"ஸ்டேஷன்ல குற்றம் இல்லன்னு அனுப்பிட்டாங்க. கனகமணி மன்னிப்பு இல்லன்னு அனுப்பிட்டா. ஊரு கொலைகாரன்ங்குது. நீங்க நீதிமான்ங்கிறீங்க. இதுல நான் யாரு டீச்சர்? கிருபைன்னு ஒண்ணு வந்திருந்தா அவ மன்னிச்சிருக்க வேண்டாமா?"

அவள் மன்னிப்பாளா என்பது தனக்குத் தெரியாது என்றார் டீச்சர். மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையும் தங்கள் இருவருக்கும் இல்லை என்றார். பிறகு, அந்த வீட்டுக்கு இதற்கு முன்பு எத்தனை தடவை போயிருக்கிறார் என்று கேட்டார்.

"ஒரு தடவைகூட இல்ல."

"போகணும்னு நினைச்சதில்லையா?"

"நினைக்காத நாள் இல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போவேன். அதுக்கு மேல கால் வராது. திரும்பிருவேன்."

"செவ்வாய்க்கிழமை உங்களைக் கூட்டிட்டுப் போனது யாரு?"

யாரும் இல்லை என்று சொல்ல ஞானதிரவியம் வாயெடுத்தார். சொல்லவில்லை.