பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று

தனக்கு நடந்த அநீதிகளை இருளாண்டி வரிசை மாறாமல் சொல்வார்.

ஒன்று, ரைபிள் கிளப்பில் சேர அவர் கொடுத்த விண்ணப்பம் பதினான்கு மாதம் கிடப்பில் கிடந்தது. பஞ்சாலைத் தொழிலாளிக்குத் துப்பாக்கி எதற்கு என்றார்கள். இரண்டு, சேர்த்த பிறகு, காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும் கடைசிச் சுடுதடத்தை ஒதுக்கினார்கள். மூன்று, மற்றவர்களுக்குப் புதுத் துப்பாக்கி, அவருக்கு முப்பது வருடப் பழசு. நான்கு, மற்றவர்களுக்கு எழுபத்தைந்து கிரெய்ன் எடையுள்ள கனத்த குண்டு, அவருக்கு ஐம்பத்தைந்து. ஐந்து, அந்தக் கனத்த குண்டை அவர் போராடி வாங்கிய பிறகு குறி தவறத் தொடங்கியது. உடனே பதிவேட்டில் ‘கை நடுக்கம்’ என்று எழுதிவிட்டார்கள்.

இவற்றில் நான்காவதற்குத் துண்டறிக்கையே அடித்தார். ‘எடையிலுமா பாகுபாடு?’ என்று தலைப்பு. ஐந்து நாள் கிளப் வாசலில் நின்று கோஷம் போட்டார். ஆறாம் நாள் கனத்த குண்டு கிடைத்தது. ஐம்பத்தேழு வயதில் அவர் பெற்ற கடைசி வெற்றி அது.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணிக்குத் தேர்வு. அதில் தவறினால் சுடுவோர் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஆயுத அறைக்குப் போனார். அதன் பொறுப்பாளர் சகாயமேரி, அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

“ஏம்மா, என் கை நடுங்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு.”

“சுட்ட அட்டையைக் கொண்டாங்கண்ணே.”

கொண்டுவந்தார். சகாயமேரி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துளைகள் வட்டமாக இல்லை. புளியங்கொட்டையைப் படுக்கவைத்ததுபோல நீளமாகக் கிழிந்திருந்தன.

“இது கையோட வேலை இல்ல. குண்டு படுத்துக்கிட்டே போயிருக்கு.”

“குண்டு எதுக்குப் படுக்குது?”

சகாயமேரி துப்பாக்கிக் குழலைத் துடைக்கும் கம்பியை எடுத்தார். அதன் நுனியில் துணியை இறுகச் சுற்றினார். கம்பியின் மேல்பக்கம் மையால் ஒரு புள்ளி வைத்தார். பழைய துப்பாக்கியின் குழலில் அதைச் செருகி, கம்பியின் பிடியை இருளாண்டி கையில் கொடுத்தார்.

“மெதுவாத் தள்ளுங்க. திருகாதீங்க.”

தள்ளினார். கம்பி தானாகத் திரும்பியது. உள்ளே யாரோ பிடித்து முறுக்குவதுபோல இருந்தது. மைப்புள்ளி கீழே போய், மறுபடி மேலே வந்தது.

“நிறுத்துங்க.”

உள்ளே போன நீளத்தைச் சகாயமேரி டேப்பால் அளந்தார். பன்னிரண்டு அங்குலம். பிறகு புதுத் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதில் எட்டு அங்குலத்திலேயே புள்ளி மேலே வந்துவிட்டது.

“அதனால என்ன?”

“குழலுக்குள்ள முறுக்கு வரி இருக்கு, அதுதான் குண்டைச் சுத்திவிடும். கனத்த குண்டு நீளமா இருக்கும். நீளமானது நிமிர்ந்து போகணும்னா வேகமாச் சுத்தணும். உங்க குழல் அவ்வளவு சுத்திவிடாது.”

“வேகமா அனுப்பினா வேகமாச் சுத்தும்ல?”

“சுத்தும். ஆனா இந்தக் குறைக்கு அது காணாது. அதுக்காக வெடிமருந்தைக் கூட்டிக்கிட்டே போனா குழல் வெடிச்சு உங்க மூஞ்சியில அடிக்கும்.”

“வேற என்னதான் வழி?”

சகாயமேரி அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். ஐம்பத்தைந்து கிரெய்ன். மேலே ஒட்டிய தாளில் ‘இருளாண்டி’ என்று எழுதியிருந்தது. தேதி, அவர் கிளப்பில் சேர்ந்த நாளுக்கு முந்தின நாள்.

இருளாண்டி அந்தத் தேதியை இரண்டு தடவை படித்தார்.

“இதை எனக்குன்னு எடுத்து வச்சது யாரு?”

“நான்தான்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே தாயி.”

“வாசல் வரைக்கும் வந்து சொன்னேண்ணே. நீங்க கோஷத்துல இருந்தீங்க.”

ஞாயிற்றுக்கிழமை அவர் கடைசித் தடத்தில், வெயிலுக்கு எதிரே படுத்துச் சுட்டார். பத்துத் துளை. பத்தும் வட்டம். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அணியில் இடம் கிடைத்தது.

நேராக ஆயுத அறைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து அநீதிப் பட்டியலை எடுத்துப் பிரித்தார்.

“நாலாவதை அடிச்சுடறேன்.”

“அடிங்க. மத்ததை அடிக்காதீங்க. அதெல்லாம் நெசம்.”

அடித்தார். பேனாவை மூடாமல் நின்றார்.

“இத்தனை பேரு என்னைய வேணாம்னு நினைச்ச இடத்துல, நான் வர்றதுக்கு முந்தியே நீ எனக்குப் பெட்டி எடுத்து வச்சிருக்க. நான் உன்னையத் திட்டி ஆயிரம் தாள் அடிச்சேன். இப்ப என்ன செய்யட்டும், சொல்லு.”

சகாயமேரி குழலைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அந்தத் தாள்ல என்னைய ‘ஆயுத அறைப் பெண்’னு போட்டிருந்தீங்க. எனக்குப் பேரு இருக்குண்ணே.”

இருளாண்டி வெளியே வந்தார். அந்தக் கிளப்பில் புள்ளித்தாளை இரண்டு சாட்சிகள் முன் உரக்கப் படித்த பிறகே கையெழுத்து வாங்குவார்கள். தாளில் ‘ஆசான்’ என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அவருக்குச் சொல்லித்தர முன்வராததால், அவர் தாளில் மட்டும் அது எப்போதும் காலி.

செயலாளர் படிக்கத் தொடங்குமுன் அவர் தாளை வாங்கிக்கொண்டார். காலியான கட்டத்தில் எழுதினார். பிறகு வாசலில் கோஷம் போட்ட அதே குரலில், சாட்சிகளைப் பார்த்துப் படித்தார்.

“சுட்டவர், வெ. இருளாண்டி. புள்ளி, தொண்ணூற்று மூன்று. ஆசான், அ. சகாயமேரி.”